இரும்போடு சேர்த்த எடை

மடியில் எடை மெஷினை வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் மாதாமாதம் போய்வந்த ஆள் மதுரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். "அப்பாவுக்கு ஹோமில் ஏதோ வேலை" என்றுதான் பிள்ளைகள் நீங்கள் வெளியில் சொல்லிக்கொள்கிறீர்கள். அந்த ஏதோ என்னவென்று ஒருநாள் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றுபோனவன் எழுத்து இது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

சமயநல்லூரைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே, ஆள் உயரச் சுற்றுச்சுவருக்குள் அந்த ஊனமுற்றோர் இல்லம் இருந்தது. மிஷன் நடத்தியது. பணம் வெளிநாட்டிலிருந்து வரும். நான் அங்கே ஸ்டோர் கிளார்க். அரிசி, சோப்பு, மண்ணெண்ணெய் அளந்து கொடுப்பது என் வேலை. காலையில் மணி அடித்தால் எழுந்திருப்பார்கள், மணி அடித்தால் சாப்பிடுவார்கள், மணி அடித்தால் ஜெபம் செய்வார்கள். பசி கூட மணி ஓசை கேட்டுத்தான் வயிற்றுக்கு வரும் என்று அங்கே ஒருவர் சொல்வார். குறை ஒன்றும் சொல்ல முடியாது. நல்ல சோறு. வாரம் ஒருநாள் கறி. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை எல்லோரையும் மேடைத் தராசில் ஏற்றி எடை பார்த்து டாக்டர் குறித்துக்கொள்வார். எடை ஏறியிருந்தால் "ஸ்தோத்திரம்" என்பார் சூப்பரிண்டெண்ட் ஐயா. இறங்கியிருந்தால் சமையல்காரரைப் பார்ப்பார்.

எழுபதுகள் முடியும் சமயம் வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பெரிய கட்டடத்துக்குள் ஆட்களைச் சேர்த்து வைப்பது சரியில்லை என்று இப்போது தெரிந்துகொண்டார்களாம். இனிமேல் இல்லத்து ஆட்கள் ஊருக்குள், மற்ற ஜனங்களோடு ஜனங்களாக வாழ வேண்டுமாம். கட்டடம் கட்டப் பணம் அனுப்பியவர்களே அவர்கள்தான். புதிதாக இன்னொரு வார்டுக்கு அஸ்திவாரம் தோண்டிப் போட்டிருந்த சூப்பரிண்டெண்ட் ஐயா அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டே கடிதத்தை எங்களுக்குப் படித்துச் சொன்னார். கடைசியில் ஒரு வரி இருந்தது. வெளியே போனவர்கள் சௌக்கியமாக இருக்கிறார்களா என்று மாதாமாதம் அளந்து எழுத வேண்டும்.

அதற்காகக் கமிட்டி கூடியது. சூப்பரிண்டெண்ட் ஐயா, டாக்டர், ஒரு வக்கீல், பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை அம்மா என்று நான்கு பேர். நான் காப்பி கொண்டுபோய் வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

"சௌக்கியத்தை எப்படி அளக்குறது?" என்றார் சூப்பரிண்டெண்ட்.

"நூற்றுக்கு இத்தனைன்னு மார்க் போடலாமே" என்றார் தலைமையாசிரியை அம்மா.

"யார் போடுறது?"

"அவங்களே போட்டுக்கட்டும்."

"அவங்களே போட்டா நாம எதுக்கு?" என்றார் வக்கீல்.

நியாயமான கேள்வி. கடைசியில் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "எடை பாருங்க. மனுஷன் கவலையா இருந்தா சாப்பிட மாட்டான். சாப்பிடலேன்னா எடை குறையும். எடை பொய் சொல்லாது."

எல்லோருக்கும் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. அப்படியே முடிவானது. தொடர்ந்து மூன்று மாதம் எடை குறைந்தே இருந்தால் அந்த ஆள் வெளியே கஷ்டப்படுகிறார் என்று அர்த்தம். வேன் அனுப்பி இல்லத்துக்கே கூட்டிவந்துவிட வேண்டியது. வீடு வீடாகப் போய் எடை பார்க்க, பஸ் ரூட் தெரிந்த ஆள் என்று என்னைப் போட்டார்கள். முந்தி யாரோ அனுப்பிவைத்த சின்ன எடை மெஷின் ஒன்று ஸ்டோரில் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் எனக்கும் ஒரே நாளில் பதவி உயர்வு.

சரி, யாரை வெளியே அனுப்புவது? அதற்கு ஒரு விதி செய்தார்கள். எழுந்து நின்று நடக்கக்கூடியவர்கள் மட்டும்தான் ஊருக்குள் போகலாம். தரையில் தவழ்கிறவரை வெளியே விட்டால் ஊர் என்ன சொல்லும் என்பது சூப்பரிண்டெண்ட் ஐயாவின் கவலை.

அங்கே ஒரு தம்பி இருந்தார். முப்பது வயதிருக்கும். சிறு பிள்ளையில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இரண்டு காலும் சூம்பிப்போனவை. இல்லத்தில் அவருக்கு மெழுகுவர்த்தி செய்யும் வேலை கொடுத்திருந்தார்கள். அவர் கைக்கு அது போதவில்லை. டிஸ்பென்சரியில் ஊசி கொதிக்க வைக்கும் பம்ப் ஸ்டவ் கெட்டுப்போனால் கழற்றிப் போட்டு, ஊதி, குத்தி, மறுபடி நீலமாக எரிய வைத்துவிடுவார். வாய் கொஞ்சம் அதிகம். வெளியே போயே தீர வேண்டும் என்று அவருக்கு அப்படியொரு ஆசை.

பரீட்சை நாளில் அவருக்குக் காலிப்பரை மாட்டிவிட்டார்கள். காலிப்பர் என்றால் இடுப்பிலிருந்து பூட்ஸ் வரை இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி, நடுநடுவே தோல் வார். கப்பலில் வந்த நன்கொடை. அதன் மேல் சூப்பரிண்டெண்ட் ஐயாவுக்கு அவ்வளவு பெருமை. விருந்தாளிகள் வரும்போதும் எடை பார்க்கும்போதும் அதை மாட்டித்தான் நிறுத்துவார்கள். அன்றைக்கு அந்தத் தம்பி இரண்டு கக்கத்திலும் கட்டையை ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு, ஜெபக்கோயில் படியிலிருந்து கிணறு வரை நடந்தார். கமிட்டி கைதட்டியது. கிணற்றங்கரையில் அவரைப் பிடித்து உட்கார வைத்தபோது சட்டையைப் பிழியலாம் போல வேர்த்திருந்தது.

"பாஸாண்ணே?" என்றார்.

"பாஸ்."

"அப்ப மொதல்ல இந்தச் சனியனைக் கழட்டுங்க."

வில்லாபுரத்தில் அவருக்கு ஒரு வீடு பிடித்தோம். முன்னால் வீட்டுக்கார அம்மா குடியிருந்தார்கள். பின்னால் ஓர் அறையும் சின்ன முற்றமும் இவருக்கு. வாடகையை இல்லம் நேராக அந்த அம்மாவிடம் கொடுத்துவிடும். இல்லத்துக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்த கையால் சுற்றுகிற மூன்று சக்கர வண்டியைத் தம்பியே சரிபண்ணிக் கொண்டுவந்திருந்தார். வீட்டுக்குள் நகர்வதற்கு ஒரு பலகைக்கு அடியில் பேரிங் சக்கரம் மாட்டி வைத்திருந்தார்.

முதல் மாதம் எடை பார்க்கப் போனேன். பஸ்ஸில் கண்டக்டர், "என்னண்ணே, பெட்டியில முள்ளு ஆடுது?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். நின்றுகொண்டிருந்த ஓர் அம்மா, "எம்பிள்ளைய ஒருக்கா நிறுத்துச் சொல்லுங்கய்யா, காய்ச்சல்ல எம்புட்டு எளச்சிருக்கான்னு பாப்போம்" என்று பையனைத் தூக்கி என் மடியிலேயே வைத்துவிட்டார். மெஷின் மேல் பையன், பையனுக்குக் கீழே நான். முள் காட்டுவது பையன் எடையா, பஸ் குலுக்கலா என்று வில்லாபுரம் வரை தர்க்கம் நடந்தது.

வீட்டுக்கார அம்மா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்கள். குரலைத் தாழ்த்தி, "அந்தத் தம்பி பாவம்ங்க. ஒரு வார்த்தை சத்தமாப் பேச மாட்டேன். நமக்குப் பாவம் வந்துரக் கூடாதுல்ல" என்றார்கள்.

பின்னால் போனேன். காலிப்பர் முற்றத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தது.

"என்ன தம்பி, அது அங்க நிக்கிது?"

"ஆடு உள்ள வந்துருதுண்ணே. நம்மள விட அதுக்குத்தான் நிக்கத் தெரியும். நிக்கட்டும்."

மெஷின் மேல் மணைப்பலகையை வைத்து, அதில் அவரை உட்காரவைத்து எடை பார்த்தேன். மணைக்கு எவ்வளவோ அதைக் கழித்தேன். குறைந்திருந்தது. கொஞ்சம் இல்லை, நன்றாகவே. ஆளைப் பார்த்தால் தோளும் கையும் முறுக்கேறி, முகம் வெயிலில் கறுத்துப் பளபளவென்று இருந்தது. அவனியாபுரம் ரோட்டுத் திருப்பத்தில், ஒரு டீக்கடைக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து ஸ்டவ் ரிப்பேர் கடை போட்டிருந்தார். வியாபாரம் சூடுபிடித்துவிட்டது என்று வாய் ஓயாமல் பேசினார். அதை எழுதச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லவில்லை. எடையை மட்டும் எழுதினேன்.

கமிட்டி அதிர்ந்துபோனது. "ஒரே மாசத்துல இம்புட்டா?" என்று தன்னை மறந்து ஊர்ப்பேச்சில் கேட்டுவிட்டார் சூப்பரிண்டெண்ட் ஐயா.

"மனக்கவலை" என்றார் டாக்டர்.

உடனே பால் பவுடரும் முட்டையும் கொடுத்தனுப்பினார்கள். முட்டையைத் தம்பி சாப்பிட்டார். பால் பவுடரைத் தெருப் பிள்ளைகள் உள்ளங்கையில் வாங்கி நக்கித் தீர்த்துவிட்டார்கள். இரண்டாம் மாதமும் முள் ஏறவில்லை. வண்டியைக் கையால் சுற்றிச் சுற்றி இன்னும் ஒரு பொட்டு இறங்கித்தான் இருந்தது.

அதே சமயத்தில் கொட்டாம்பட்டிப் பக்கம் ஓர் அம்மாவை அவருடைய கூடப்பிறந்தவர் வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். சாய்ந்து சாய்ந்து நடப்பார். பேச்சு குழறும். நான் போகிற நாளெல்லாம் அவர் கட்டிலில்தான் இருப்பார். அறைக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள். வேளைக்குச் சோறு உள்ளே போகும். அவர் எடை மாதாமாதம் ஏறியது. தாழ்ப்பாளைப் பற்றி நான் கமிட்டியில் சொன்னேன். "பத்திரமா வச்சிருக்காங்க" என்றார் சூப்பரிண்டெண்ட். எடையில் முதலிடம் அந்த அம்மாவுக்கு. வெளிநாட்டுக்குப் போன கடிதத்தில் அவரைப் பற்றித்தான் பெருமையாக எழுதியிருந்தது.

வில்லாபுரத்துத் தம்பிக்கோ ஒரு மாதத் தவணைதான் பாக்கி. மூன்றாவது முறையும் குறைந்தால் வேன் வந்துவிடும். அதைச் சொல்ல அவர் கடைக்கே போனேன். ஒரு ஸ்டவ்வின் வயிற்றுக்குள் பம்ப் அடித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னண்ணே சொல்றீக? நான் கவலையில எளச்சிட்டேனாமா?"

"டாக்டர் அப்படித்தான் சொல்றாரு."

"அங்க எடை நிறுத்தப்ப எல்லாம் எதோட நிறுத்தீக?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. அவர் முழங்காலைத் தட்டிக் காட்டினார். "இரும்போட. பூட்ஸோட. இங்க வெறும் ஆள நிறுத்துட்டு, எடை கொறஞ்சுபோச்சு எடை கொறஞ்சுபோச்சுன்னா? கொறஞ்சது நான் இல்லண்ணே, காலிப்பரு."

டீக்கடைக்காரர் அங்கிருந்தே சிரித்தார். "மாப்ள, உன் கமிட்டிய நம்ம அரிசி மண்டிக்கு அனுப்பு. சாக்கோட நிறுத்துக் குடுப்பாங்க."

நானும் சிரித்துவிட்டேன். "இவ்வளவுதானே, இன்னைக்கே போய்ச் சொல்லிர்றேன்" என்று எழுந்தேன். தம்பி என் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

"என்னன்னு சொல்வீக?"

"காலிப்பர் போடலன்னு..."

"போடலன்னு சொன்னா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நிற்கிறவர்தான் வெளியே இருக்கலாம் என்பது விதி. காலிப்பரைக் கழற்றிவிட்டார் என்று தெரிந்தால் நிற்காதவர் என்று கூட்டிப்போவார்கள். சொல்லாவிட்டால் இளைத்தவர் என்று கூட்டிப்போவார்கள். எந்த வழியில் போனாலும் வேன் சமயநல்லூருக்குத்தான்.

"எடை பாக்குற அன்னைக்கு மட்டும் மாட்டிக்கிருங்களேன் தம்பி."

"வாரை எலி கடிச்சிருச்சுண்ணே. முழுசா இருந்தாலும் மாட்ட மாட்டேன். தொடை புண்ணாகி ஆறுறதுக்கு எம்புட்டு நாளாச்சு தெரியுமா?"

எனக்கு ஒன்று தோன்றியது. இல்லத்தில் இரும்போடு சேர்த்துத்தானே எழுதினோம். இங்கேயும் இரும்போடு சேர்த்து எழுதினால் கணக்கு கணக்காகத்தானே இருக்கும்? இதில் பொய் எங்கே? பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்துப் பார்த்தேன். இன்றைக்கும் அதில் பொய் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் மாதம் மணையில் உட்கார்ந்த தம்பியின் மடியில், தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல இரண்டு காலிப்பரையும் கிடத்தினேன். முள் ஓடிப்போய்ப் பழைய இடத்தில் நின்றது.

"எம்புட்டுண்ணே?"

"சௌக்கியம்."

இந்தச் சௌக்கியத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் இல்லத்தில் ஜெபக்கூட்டமே நடந்தது. முட்டைதான் காரணம் என்று டாக்டர் சொன்னார். அன்று முதல் இல்லத்தில் இருந்த அத்தனை பேருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒரு முட்டை என்று உத்தரவாயிற்று. நடந்த கூத்தில் யாருக்காவது நன்மை வந்தது என்றால் அது இதுதான்.

அதோடு விட்டிருக்கலாம். சூப்பரிண்டெண்ட் ஐயாவுக்கு ஒரு போட்டோ வேண்டியிருந்தது. இளைத்து, முட்டை தின்று தேறிய மனிதர் காலிப்பர் மாட்டித் தன் கடை முன்னால் நிமிர்ந்து நிற்கிற மாதிரி. வெளிநாட்டுக்கு அனுப்ப. கமிட்டியே நேரில் போவதென்று முடிவு செய்தார்கள். வக்கீலுக்குக் கோர்ட் இருந்ததால் மற்ற மூன்று பேரும், ஒரு போட்டோக்காரரும், நானும் வேனில் ஏறினோம். தம்பிக்கு முன்கூட்டிச் சொல்ல எனக்கு வழியில்லாமல் போய்விட்டது.

தீபாவளி நெருங்கிய சமயம். பலகாரம் சுடுகிற நாள். ஊரிலுள்ள கெட்ட ஸ்டவ் எல்லாம் அந்தத் திருப்பத்தில்தான் இருந்தது. ஏழெட்டுப் பெண்கள் ஸ்டவ்வை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நடுவில் சாக்கின் மேல் தம்பி. வாயில் குத்தூசி, கை முழுவதும் கரி.

"தம்பி" என்று கூப்பிட்டார் சூப்பரிண்டெண்ட் ஐயா. "டாக்டர் வந்திருக்காங்க பாரு. எழுந்து நில்லு, ஒரு போட்டோ."

தம்பி நிமிர்ந்து பார்த்தார். என்னையும் பார்த்தார். நான் வேனைப் பார்த்தேன். அவர் ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஸ்தோத்திரம்யா. பர்னர் சூடா இருக்கு, இதை முடிச்சிர்றேன். செத்த உக்காருங்க" என்றார்.

டீக்கடைக்காரர் பெஞ்சை இழுத்துப் போட்டு, "மாப்ள வீட்டு ஆளுங்களா? டீ போடவா?" என்றார். போட வேண்டாம் என்று சொல்வதற்குள் போட்டுவிட்டார். கமிட்டி வரிசையாக பெஞ்சில் உட்கார்ந்து டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டது.

"காலிப்பர் எங்கப்பா?" என்றார் சூப்பரிண்டெண்ட்.

"வீட்டுல நிக்கிதுய்யா."

"நீ ஏன் போடலை?"

தம்பி பர்னரைக் கீழே வைத்தார். "அதைப் போட்டு நின்னா ரெண்டு கையும் கட்டையப் பிடிச்சிக்கிரும்யா. ஸ்டவ்வ எந்தக் கையால பிரிக்க?"

டாக்டர் டீயை உறிஞ்சாமல் அப்படியே நிறுத்தினார். "அப்ப போன மாச எடை?"

"மடியில வச்சிருந்தேன்யா."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "இல்லத்துல இருந்தப்பவும் இரும்போடதான் நிறுத்தோம், ஐயா" என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

சூப்பரிண்டெண்ட் ஐயா எழுந்தார். நல்ல மனிதர்தான் அவர், அதையும் சொல்லிவிடுகிறேன். இல்லத்தில் யாராவது இறந்தால் அழுவார். ஆனால் விதி என்றால் விதி. "நிக்க முடியாதவங்களை வெளிய விடுறதில்ல. உனக்கே தெரியும். வேன்ல ஏறுப்பா, எல்லாத்தையும் அங்க போய்ப் பேசிக்கலாம்."

வரிசையில் முதலில் நின்ற அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க கூட்டிட்டுப் போறீக? எம் ஸ்டவ்வ அக்குவேறு ஆணிவேறாக் கழட்டிப் போட்டிருக்காரு. மாட்டிக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

பின்னாலிருந்து இன்னொரு குரல். "மாட்டிக் குடுத்துட்டும் போகக் கூடாது. நான் விடிஞ்சதுலருந்து நிக்கிறேன். அவுகள வரிசையில வரச் சொல்லு."

"அம்மா, நாங்க ஸ்டவ் கொண்டுவரலை" என்றார் சூப்பரிண்டெண்ட்.

"பெறகு இங்கன என்னய்யா வேலை?"

அந்த ஐயாவிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதற்குள் தம்பி பேசினார். சத்தமாகப் பேசவில்லை.

"நான் வரலய்யா."

"என்னப்பா?"

"வரலய்யா. அங்க எனக்கு ஒரு கொறையும் இல்ல. சோறு, சோப்பு, ஜெபம், எல்லாம் மணியடிச்சா வந்துரும். இங்க மணியடிக்க ஆளில்ல. பசிச்சாத்தான் சாப்பிடுறேன். அதுல எடை கொறஞ்சா கொறஞ்சிட்டுப் போகுது. கூட்டிட்டுப் போய்த்தான் ஆகணும்னா அந்த இரும்பைக் கூட்டிட்டுப் போங்க. அது நல்லா நிக்கிது."

தலைமையாசிரியை அம்மா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, சேலை கரியில் படுவதைக்கூடப் பார்க்காமல் அவர் முன்னால் குனிந்து, "இங்க உனக்கு என்னப்பா கஷ்டம்? அதைச் சொல்லு" என்றார்.

மூன்று மாதமாக நாங்கள் அவருடைய சௌக்கியத்தை அளந்தோம். இந்தக் கேள்வியைக் கேட்பது அந்த வேலையில் சேரவில்லை. தம்பிக்கே அது புதிதாக இருந்திருக்க வேண்டும், கரிக்கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டார்.

"குழாய் ஒசரத்துல இருக்கும்மா. தண்ணி பிடிக்க யாரையாச்சும் கூப்பிடணும். வாடகை நீங்க குடுக்குறீக, அதை இறக்கி வைங்கன்னு நான் எப்படி வீட்டுக்காரம்மாட்ட கேக்க? மழை பெஞ்சா வண்டி சேத்துல எறங்கிருது. ஒருக்கா காய்ச்சல்ல கெடந்தேன், அன்னைக்கு மட்டும் இல்லத்து நெனப்பு வந்துச்சு. பொய் சொல்லக் கூடாதுல்ல." பிறகு வரிசையைப் பார்த்து, "அக்கா, உங்க வாஷர் போச்சு, புதுசு போடணும்" என்று வேலைக்குத் திரும்பிவிட்டார்.

வேன் ஆள் ஏற்றாமலே திரும்பியது. தெருவில் ஏழெட்டு ஸ்டவ்வுக்கு நடுவே ஒரு மனிதரைத் தூக்கிப்போட்டுக்கொண்டு போகிற தைரியம் எந்தக் கமிட்டிக்கும் வராது.

அடுத்த கூட்டத்தில் வக்கீல் வழி கண்டுபிடித்தார். வர மாட்டேன் என்கிறவரை வரவழைக்க முடியாது. நிற்காதவரைத் திட்டத்தில் வைத்துக்கொள்ளவும் முடியாது. ஆகவே அவரை இல்லத்தின் பொறுப்பிலிருந்து விடுவித்துவிடுவது. வாடகையை நிறுத்திவிடுவது. காலிப்பர் இல்லத்துச் சொத்து, அதை மட்டும் திரும்பப் பெறுவது.

"அப்படீன்னா அவர் நிலைமை என்னன்னு எழுதுறது?" என்றார் சூப்பரிண்டெண்ட் ஐயா.

"ஒண்ணும் எழுத வேண்டாம். நம்ம ஆள் இல்லையே."

அதாவது, சௌக்கியமாக இருந்த ஒருவர் கிடைத்ததும் அவரை அளப்பதை நிறுத்திவிட்டார்கள். எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போது தலைமையாசிரியை அம்மா மட்டும் என்னிடம், "கொட்டாம்பட்டி அம்மாவுக்கு எடை ஏறிக்கிட்டே போகுதுன்னீங்களே. நாளைக்கு என்னைக் கூட்டிட்டுப் போங்க. அந்தத் தாழ்ப்பாளை நான் பார்க்கணும்" என்றார். போனோம். அது வேறு கதை, சிரிக்கிற கதை இல்லை. கடைசியில் அந்த அம்மாள் தலைமையாசிரியை வீட்டிலேயே கொஞ்ச நாள் இருந்தார்கள் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

போட்டோக்காரர் அன்றைக்குச் சும்மா இருக்காமல் ஒரு படம் எடுத்திருந்தார். பெஞ்சில் வரிசையாக டீ கிளாஸோடு கமிட்டி, பக்கத்தில் தலை நிமிராமல் வேலை செய்கிற தம்பி, சுற்றி ஸ்டவ்வோடு பெண்கள். வேறு படம் இல்லாததால் அதையே வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். உங்கள் கமிட்டியார் ஜனங்களோடு ஜனங்களாக வாழத் தொடங்கியிருப்பதைக் கண்டு மிகவும் மகிழ்ந்தோம் என்று பதில் வந்தது.

காலிப்பரை வாங்கிவர என்னைத்தான் சாக்கோடு அனுப்பினார்கள். வாடகை நின்றுபோனது வீட்டுக்கார அம்மாவுக்கு ஏற்கெனவே தெரியும் என்று டீக்கடைக்காரர் வழியில் சொன்னார். தம்பி தன் சம்பாத்தியத்திலிருந்து கொடுப்பதாகச் சொல்லி, முதல் வாடகையைக் கையில் கொடுத்தும் விட்டாராம். அது நடக்குமா, எத்தனை மாதம் நடக்கும் என்று எனக்கு உள்ளுக்குள் பயம்தான். வீட்டு வாசலுக்கு வந்து பின்பக்கம் போகத் திரும்பியபோது முற்றத்தில் பெருஞ்சத்தம் கேட்டது.

"வீடெல்லாம் ஒரே மண்ணெண்ண நாத்தம்! நான் குடித்தனம் வச்சிருக்கேனா, பங்க் வச்சிருக்கேனா?" அந்த அம்மாதான். ஒரு வார்த்தை சத்தமாகப் பேச மாட்டேன் என்று சொன்ன அதே அம்மா.

"குழாய இறக்கி வையிங்க, கழுவி விடுறேன். இத்தனை மாசமா எட்டாத குழாய்க்கு வாடகை போயிருக்கு!"

"குழாய இறக்குறதா? நல்லாருக்கே! நேத்து வாடகை குடுத்தவரு இன்னைக்கு வீட்டையே திருப்பி வைக்கச் சொல்வாரு போல!"

"குடுக்குறவன் கேப்பான்க்கா!"

"என்னத்தக் கேப்பீக? மொதல்ல அந்தக் கரித்துணிய எங் கொடியில காயப்போடாதீக!"

"உங்க கொடி எங் கதவுக்கு மேல தொங்குது, அத என்னங்கிறீக?"

உள்ளே போய்ச் சமாதானம் செய்து வைத்திருக்க வேண்டும். எனக்கு மனசு வரவில்லை. வெறும் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து, இரண்டு பேரும் ஓயும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். லேசில் ஓயவில்லை.